ஆங்கில ஆசிரியருக்கு அக்கரையில் யார் துணை?

செங்கல்பட்டிலிருந்தோ திருக்கழுக்குன்றத்திலிருந்தோ வெளிநாட்டுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறவரின் பட்டச் சான்றிதழைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் சென்னைப் பல்கலைக்கழக முத்திரையோடு பளிச்சென்று இருக்கும். பின்பக்கத்தில் விரல் வைக்க இடம் இருக்காது. நோட்டரி, மாநில உயர்கல்வித் துறை, வெளியுறவு அமைச்சகத்தின் ஸ்டிக்கர், போய்ச் சேர வேண்டிய நாட்டின் தூதரகம் என்று ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு ரப்பர் ஸ்டாம்புகளும் கையெழுத்துகளும். சான்றிதழ் அசல்தான் என்று இத்தனை பேர் சாட்சி சொல்கிறார்கள். அவர் கையெழுத்திடப்போகும் வேலை ஒப்பந்தம் அசல்தானா என்று பார்க்க மட்டும் ஆளில்லை. இந்தத் தொழிலின் மற்ற குறைகளெல்லாம் இதற்கு அடுத்தவைதான் என்பது என் முடிவு.

ஏன் போகிறார்கள் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் 2023-இல் அறிவித்த உயர்வுக்குப் பிறகும் அது 25,000-ஆகத்தான் இருந்தது. ஜி.எஸ்.டி. சாலையிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் வரிசைகட்டி நிற்கும் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் ஆங்கில ஆசிரியர் என்றால் முதலாண்டுப் பாடம் எடுப்பவர், அவ்வளவுதான். சேர்க்கை குறைந்தால் முதலில் நிற்கச் சொல்வதும் அவரைத்தான். எம்.ஏ., எம்.ஃபில். முடித்து, நெட் தேர்வையும் தேறிய ஒருவர் முப்பத்தைந்து வயதில் வீட்டு வாடகைக்கு யோசிக்கும் நிலையில் இருந்தால், கடல் தாண்டுவதைப் பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இந்தப் பாதை புதிதுமல்ல. ஹெய்லி செலாசி காலத்து எத்தியோப்பியாவில் நாட்டுப்புறப் பள்ளிகள் வரை இந்திய ஆசிரியர்கள் இருந்தார்கள். பிறகு லிபியா, ஏமன், சவுதிப் பல்கலைக்கழகங்கள். நமக்கு மிக அருகில் மாலத்தீவு. அங்கே 1960-களில் தொடங்கி ஆங்கிலமே பயிற்றுமொழி ஆனது. மாணவர்கள் கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதுகிறார்கள். சில நூறு பேர் வாழும் ஒரு தீவிலும் பள்ளிக்கூடம் உண்டு, ஆங்கிலத்துக்கு ஆள் வேண்டும். அந்த இடத்தில் பல காலமாக நிற்பவர்கள் தமிழ்நாட்டுக்காரர்களும் கேரளத்துக்காரர்களும் இலங்கைக்காரர்களும்தான்.

நம்மவர் அங்கே கொண்டுபோகும் பலம் ஒன்று உண்டு. அது போதுமான அளவு பேசப்படுவதில்லை. ஆங்கிலத்தை அவர் தொட்டிலில் கற்கவில்லை, பள்ளியில் உழைத்துக் கற்றவர். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'ஏ' போடுவதா, 'தி' போடுவதா, ஒன்றும் போடாமல் விடுவதா என்று ஒரு தமிழ்க் குழந்தை தடுமாறுவது ஏன் என்று அவருக்குத் தெரியும், அவரே தடுமாறியிருக்கிறார். கொரிய மொழியிலும் தாய்லாந்து மொழியிலும் அந்தச் சொற்களுக்கு இணையில்லை. தாய்லாந்து மொழியில் காலத்துக்கேற்ப வினைச்சொல் உருமாறுவதும் இல்லை. லண்டனில் பிறந்தவருக்குக் காதில் ஒலிக்கும் சரியை, நம்மவரால் விதியாக எடுத்துச் சொல்ல முடியும். மாணவன் எங்கே சறுக்குவான் என்பதையும் முன்கூட்டியே ஊகிக்க முடியும்.

ஆனால் அந்தப் பலத்துக்குள்ளேயே பலவீனமும் இருக்கிறது. நம் கல்லூரிகள் ஆங்கில இலக்கியம் கற்றுத்தருகின்றன, ஆங்கிலம் கற்பிக்கக் கற்றுத்தருவதில்லை. சாசரும் மில்டனும் படித்தவர், ஒரு வகுப்பு முழுவதையும் வாய் திறக்க வைக்கும் பயிற்சி இல்லாமல் விமானம் ஏறுகிறார். கரும்பலகையில் நோட்ஸ் எழுதிப்போட்டு, மனப்பாடம் செய்யச் சொல்லி, வினாத்தாள் வைப்பதுதான் கைவந்த முறை. மாமல்லபுரத்தில் ஐந்து ரதத்துக்குப் பக்கத்தில் கல் பிள்ளையார் விற்கும் பையன், இலக்கணம் அறியாமலே பிரெஞ்சுக்காரரிடமும் ஜெர்மன்காரரிடமும் விலை பேசி முடித்துவிடுகிறான். பிழையைப் பற்றிய பயம் அவனுக்கு இல்லை. அந்தப் பயத்தை வகுப்பிலிருந்து எப்படி விரட்டுவது என்பது தனிக் கலை. கேம்பிரிட்ஜ் வழங்கும் செல்டா பயிற்சியில் சுமார் 120 மணி நேரப் படிப்போடு, உண்மையான மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் 6 மணி நேரத்தைப் பயிற்றுநர் உட்கார்ந்து கவனிக்கிறார். மலிவு விலையில் இணையத்தில் விற்கும் பல சான்றிதழ்களிலும் 120 மணி என்றே போட்டிருக்கும். யாரும் யாரையும் கவனித்திருக்க மாட்டார்கள். வெளிநாட்டுக்கு ஆளெடுக்கும் முகவர் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் வாங்கச் சொல்வார்.

திறமை இருந்தாலும் கதவு கடவுச்சீட்டைப் பார்த்தே திறக்கிறது. தென் கொரியா ஆங்கில ஆசிரியர் விசாவை ஆங்கிலம் தாய்மொழியான ஏழு நாட்டுக்காரர்களுக்கென்று வைத்திருக்கிறது. 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய ஒப்பந்தத்தால் நமக்கும் வழி கிடைத்தது. ஆனால் உதவி ஆசிரியராக மட்டும், அதுவும் ஆங்கிலத்தில் பட்டமும் ஆசிரியர் தகுதியும் இருந்தால். அந்த ஏழு நாட்டு இளைஞர் எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றிருந்தாலும் போகலாம். இது தரத்தைக் காக்கும் ஏற்பாடு என்று நான் நம்பவில்லை.

போன பிறகு சம்பளம். மாலத்தீவு ரூஃபியாவின் அதிகாரப்பூர்வ மதிப்பு 2011 முதல் டாலருக்கு 15.42-ஐ ஒட்டியே நிற்கிறது. டாலர் தட்டுப்பாட்டால் மாதம் எவ்வளவு ஊருக்கு அனுப்பலாம் என்பதற்கு வங்கிகள் வரம்பு வைத்தன. மிச்சப் பணத்துக்கு வெளிச்சந்தையில் கூடுதல் விலை கொடுத்து டாலர் வாங்க வேண்டியதாகிறது. ஒப்பந்தத்தில் எழுதிய சம்பளமும் வீட்டுக்கு வந்து சேரும் சம்பளமும் வேறு வேறு என்பதை ஊரில் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

பணத்தைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. 2011-இல் லிபியா பற்றியெரிந்தபோது 15,000-க்கும் மேற்பட்ட இந்தியர்களை அரசு மீட்டுவந்தது. அதன் பிறகும் இந்திய ஆசிரியர்கள் அங்கே இருந்தார்கள். 2015 ஜூலையில் சிர்த் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நால்வர் கடத்தப்பட்டார்கள். இருவர் சில நாளில் வந்துவிட்டார்கள், மற்ற இருவர் விடுபட ஓராண்டுக்கு மேல் ஆனது. ஊரில் கிடைக்காத சம்பளம் அங்கே கிடைத்ததால்தான் அந்தப் போர்க்களத்திலும் ஆசிரியர்கள் தங்கினார்கள் என்றே நினைக்கிறேன்.

சட்டத்துக்கு வருவோம். 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், பத்தாம் வகுப்பு தேறாதவர் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். அப்போது ஒப்பந்தத்தை அதிகாரி பார்ப்பார். படித்தவருக்கு அது தேவையில்லை, தன்னைத் தானே காத்துக்கொள்வார் என்பது எண்ணம். அந்த எண்ணம் பொய் என்று அரசே ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறது. செவிலியர்களிடம் முகவர்கள் லட்சக்கணக்கில் கறந்த பிறகு, 2015-இல் அவர்களுக்கு அந்த 18 நாடுகளுக்கும் அனுமதி கட்டாயமாக்கப்பட்டது. ஆளெடுப்பும் மாநில அரசு நிறுவனங்கள் வழியே நடக்க வேண்டும் என்றானது. அதில் ஒன்று 1978 முதல் இயங்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். செவிலியருக்குப் பொருந்தும் நியாயம் ஆசிரியருக்கு ஏன் பொருந்தாது? மாலத்தீவோ அந்த 18 நாடுகள் பட்டியலிலேயே இல்லை.

ஒரு காலத்தில் கடல் கடந்து ஆங்கிலம் கற்பிக்க இந்தப் பக்கம் வந்தவர்களும் இருந்தார்கள். ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆண்டர்சன் 1837-இல் சென்னையில் தொடங்கிய பள்ளிதான், நூறாண்டு கழித்துத் தாம்பரத்துக்கு மாறிய கிறித்தவக் கல்லூரி. செங்கல்பட்டிலும் அதன் கிளைப் பள்ளி நடந்தது. அவர்கள் நோக்கத்தில் மதமாற்றமும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆசிரியர்கள் ஒவ்வொருவருக்கும் பின்னால் சம்பளம் அனுப்ப, நோயில் கவனிக்க, திரும்ப அழைத்துக்கொள்ள ஒரு திருச்சபை இருந்தது. நம்மவருக்குப் பின்னால் முகவரின் வாட்ஸ்அப் எண் இருக்கிறது, பல நேரம் அதுவும் அணைந்துவிடுகிறது.

ஆகவே கேட்பது பெரிதல்ல. ஆசிரியர் ஆளெடுப்பையும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் கையில் கட்டாயமாகக் கொடுக்கலாம். ஒப்பந்தம் எந்த நாணயத்தில், எந்த மாற்று விகிதத்தில், பாதியில் முறிந்தால் பயணச்சீட்டு யார் செலவில் என்பதைப் புறப்படும் முன் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். செங்கல்பட்டு அரசுக் கல்லூரி போன்ற இடங்களில் எம்.ஏ. இறுதியாண்டில் ஒரு பருவம், பக்கத்து அரசுப் பள்ளி வகுப்பறையில் பேராசிரியர் கவனிக்கப் பாடம் நடத்தச் செய்யலாம். வெளிநாடு போகாதவருக்கும் அது உதவும். அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகமாகவே உதவும்.