நினைவற்ற உலகில் மன்னிப்பு: ஒரு வீடியோ விளையாட்டின் துணைப்பணி பற்றிய திறனாய்வு

மந்திரமும் மாயமும் நிறைந்த புனைவுகளைப் பற்றித் திருச்சபை வட்டாரங்களில் எழும் பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறது: மந்திரவித்தை பேசும் நூல்களை நம் பிள்ளைகளின் கையில் கொடுக்கலாமா? இக்கேள்வி பொருளற்றது என்று நாம் கூறவில்லை. ஆயினும் ஒரு புனைவில் மந்திரம் இடம்பெறுகிறதா என்பதைக் காட்டிலும், அப்புனைவு நன்மை தீமைகளை எவ்வாறு எடைபோடுகிறது என்பதே ஆழ்ந்து ஆராயத்தக்கது. அந்நோக்கில், இளைஞர் பலர் விரும்பி ஆடும் ஒரு வீடியோ விளையாட்டின் ஒரு கிளைக்கதையை ஈண்டு எடுத்துக்கொள்வோம். கதையும் திரைப்படமும் திறனாய்வுக்கு உரியனவாயின், ஆடுபவரையே கதைமாந்தராக்கி அவர் கையால் செயலாற்றச் செய்யும் இப்புது வடிவமும் அதற்கு உரியதே.

1. விளையாட்டும் துணைப்பணியும்

‘ஹாக்வார்ட்ஸ் லெகசி’ என்னும் இவ்விளையாட்டை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த அவலாஞ்ச் சாப்ட்வேர் நிறுவனம் உருவாக்கியது. 2023 பிப்ரவரியில் வெளிவந்த இது, அவ்வாண்டில் மட்டும் இரண்டு கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றது. ஜே. கே. ரௌலிங் படைத்த ஹாரி பாட்டர் நாவல்களின் உலகமே இதன் களம். ஆனால் காலம் அந்நாவல்களுக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட 1890கள். ஆடுபவர், ஹாக்வார்ட்ஸ் மந்திரப்பள்ளியில் நேரே ஐந்தாம் ஆண்டில் சேரும் ஒரு மாணவராகவோ மாணவியாகவோ கதைக்குள் நுழைகிறார்.

இத்தகைய விளையாட்டுகளில் முதன்மைக் கதையோடு பல துணைப்பணிகளும் இணைந்திருக்கும். அவற்றை ஏற்பதும் விடுவதும் ஆடுபவரின் விருப்பம். செபாஸ்டியன் சாலோ என்னும் மாணவனைப் பற்றிய பணித்தொடரின் பெரும்பகுதி இவ்வகையினது. அவனுடைய இரட்டைச் சகோதரி ஆன், தீராத வேதனை தரும் சாபமொன்றுக்கு ஆளாகி, ஃபெல்ட்கிராஃப்ட் என்னும் சிற்றூரில் சிறிய தந்தை சாலமனின் வீட்டில் முடங்கிக் கிடக்கிறாள். இதற்குப் பரிகாரம் இல்லை என்று சாலமன் உறுதியாகக் கூறிவிட்டார். செபாஸ்டியனோ எவ்வழியிலேனும் அவளைக் குணமாக்கியே தீருவேன் என்கிறான். தீய வித்தைகளில் விடை கிடைக்குமாயின் அவற்றையும் நாடத் துணிகிறான். மூன்றாமவனாக ஆமினிஸ் கோன்ட் என்னும் பார்வையற்ற நண்பன் வருகிறான். தீய வித்தைகளில் ஊறிய குடும்பத்தில் பிறந்தவன் அவன். சிறுவயதில் பிறரைத் துன்புறுத்த மறுத்தபோது அவன்மேலேயே அத்துன்பம் ஏவப்பட்டது. பின்னர் அவனும் பணிந்து அதனைச் செய்ய நேர்ந்தது. ஆகவே செபாஸ்டியன் செல்லும் பாதையின் முடிவை அவன் ஒருவனே அறிவான்.

நோயுற்றோரின் படுக்கையருகே அமர்ந்து பழகிய எவருக்கும் இம்மூவரின் நிலையும் புதிதன்று. இயலாது என்று ஏற்றுக்கொண்டவர், ஏற்க மறுத்து எதையும் செய்யத் துணிந்தவர், இருவருக்குமிடையே கலங்கி நிற்பவர் என மூவகையினரையும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் காணலாம்.

2. திறவாத கதவு

இத்தொடரின் உயிரான இடம், சலசார் ஸ்லிதரினின் மறைவான எழுத்தறையைத் தேடிச் செல்லும் பணியாகும். நண்பர் மூவரும் பள்ளியின் அடித்தளத்திலுள்ள இரகசிய வழியில் நுழைகின்றனர். பின்னால் வழி அடைபடுகிறது. இறுதியில் ஒரு கதவின் முன் நிற்கின்றனர். ‘க்ரூசியோ’ என்னும் வதைச்சாபத்தை ஒருவர்மேல் ஏவினாலன்றி அது திறவாது. இவ்வுலகின் சட்டத்தில் ‘மன்னிக்கப்படாச் சாபங்கள்’ என்று பெயர்பெற்ற மூன்றனுள் இது ஒன்று. அக்கதவின் அருகே ஓர் எலும்புக்கூடு கிடக்கிறது. அது ஆமினிஸின் அத்தை நாக்டுவா. குடும்பத்தின் தீநெறியை ஏற்காத அவர், கதவைத் தாண்டாமலே அங்கு மடிந்தார்.

இங்கு விளையாட்டு ஆடுபவரிடம் தெரிவை ஒப்படைக்கிறது. சாபத்தைத் தானே கற்று செபாஸ்டியன்மேல் ஏவலாம். அல்லது கற்க மறுத்து, செபாஸ்டியன் தன்மேல் ஏவ இசையலாம். தீமையைச் செய்வதா, தீமையைத் தாங்குவதா என்பதே கேள்வி. தாங்குவதே மேல் என்று நம் வாசகர் உடனே கூறுவர். பிறருக்காகத் துன்பத்தை ஏற்பது கிறிஸ்தவ நெறியின் நடுநாயகம் அல்லவா?

ஆனால் இக்காட்சி அவ்வளவு எளிதான விடையைத் தரவில்லை என்பதே அதன் சிறப்பு. 2003ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் நாவலில், வதைச்சாபம் வெறும் சொல்லால் பலிக்காது, துன்புறுத்த வேண்டும் என்று ஏவுபவர் மனமார விரும்பினால்தான் பலிக்கும் என்று ரௌலிங் வகுத்துள்ளார். அவ்விதியின்படி நோக்கினால், நாம் துன்பத்தை ஏற்க இசைவது செபாஸ்டியனின் கையைத் தூய்மையாக்குவதில்லை. மாறாக, ஒரு நண்பனின் வேதனையை ஒரு கணமேனும் மனமார விரும்பும்படி நாமே அவனைத் தூண்டுகிறோம். பலியாக முன்வருபவர் பலியிடுபவனையும் உருவாக்கிவிடுகிறார். அக்கதவின் முன் மாசற்ற வழி எதுவுமில்லை. மாசற்றவர் ஒருவர் உண்டெனில், அவர் எலும்பாகக் கிடக்கும் நாக்டுவாவே. இவ்வளவையும் ஒரு கதவு, ஓர் எலும்புக்கூடு, இரண்டு தெரிவுகள் ஆகியவற்றைக் கொண்டே உணர்த்திவிடுவது போற்றத்தக்க கலை.

3. நிலவறையில் நிகழ்ந்த கொலை

எழுத்தறையில் கிடைத்த ஏடு அவர்களை ஃபெல்ட்கிராஃப்டின் நிலவறைக் கல்லறைகளுக்குக் கொண்டுசெல்கிறது. அங்குள்ள ஒரு பழம்பொருளின் ஆற்றலால் செபாஸ்டியன் பிணங்களையே எழுப்பி ஆட்டிவைக்கிறான். தடுக்க வந்த சாலமன் அப்பொருளை அழிக்கிறார், மோதல் மூள்கிறது. அதன் முடிவில் செபாஸ்டியன் கொலைச்சாபத்தை ஏவிச் சிறிய தந்தையைக் கொன்றுவிடுகிறான். எவளுக்காக இவ்வளவும் செய்தானோ அச்சகோதரி அவனைவிட்டு விலகிப்போகிறாள். அவள் நோயோ தீரவில்லை. இவ்விளையாட்டின் எந்த முடிவிலும் அவள் குணமடைவதில்லை என்பது குறிப்பிடத்தக்கது. நன்மை விளையும் என்று செய்த தீமை அந்நன்மையையும் தரவில்லை.

மற்றொரு நுட்பமும் உண்டு. தன் சகோதரியைச் சபித்தவர்கள் கோப்ளின் என்னும் குள்ள இனத்தார் என்றே செபாஸ்டியன் நம்பியிருந்தான். அந்நம்பிக்கை அவ்வினம் முழுவதன்மேலும் வெறுப்பாக வளர்ந்தது. உண்மையில் சபித்தவன் ரூக்வுட் என்னும் மந்திரவாதி. செபாஸ்டியனின் சொந்த இனத்தான். அன்பு எவ்வாறு பகையாக உருமாறும் என்பதற்கும், துயருற்ற மனம் குற்றவாளியை அயலாரிடமே தேடும் என்பதற்கும் இது நல்ல விளக்கம்.

4. தீர்ப்பளிப்பவர் யார்?

தொடரின் இறுதியில் ஆமினிஸும் ஆடுபவரும் கலந்து பேசுகின்றனர். செபாஸ்டியனை அதிகாரிகளிடம் ஒப்படைப்பதா, மறைத்துக் காப்பதா? ஒப்படைத்தால் அவன் பள்ளியை இழப்பான். அஸ்கபான் என்னும் கொடுஞ்சிறை அவனுக்குக் காத்திருக்கும். காத்தால் அவன் பள்ளியிலேயே இருப்பான். பிறர் ஒப்பிய குற்றத்தை மனத்தில் சுமந்த ஆயர் எவரும் இக்கேள்வியின் பாரத்தை அறிவர். நீதியா, இரக்கமா என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டிருப்பினும், இரண்டுள் எதுவும் எளிதன்று.

எனினும் இங்கேதான் இப்படைப்பின் பெருங்குறை வெளிப்படுகிறது. நீதிபதியின் இருக்கையில் அமர்த்தப்பட்டிருப்பவர் யார்? எழுத்தறைக்குத் துணைநின்றவர், விரும்பின் செபாஸ்டியனிடமிருந்தே மன்னிக்கப்படாச் சாபங்கள் மூன்றையும் கற்றுக்கொள்ளக்கூடியவர், முதன்மைக் கதையின் போக்கில் எத்தனையோ கொள்ளையரைத் தம் மந்திரக்கோலால் வீழ்த்தியவர். செபாஸ்டியன் செய்தது ஒரு கொலை. ஆடுபவரின் கையால் வீழ்ந்தவரை எண்ணியவர் எவருமில்லை. ஆயினும் வழக்கு ஒருவன்மேல் மட்டுமே தொடுக்கப்படுகிறது. ‘அவனோடு நானும் நின்றேனே’ என்னும் தன்னறிக்கையே தீர்ப்பின் மையமாகும்படி விளையாட்டு அமைக்கப்படவில்லை. நண்பனை ஒப்படைத்துவிட்டு ஆடுபவர் மறுநாள் வகுப்புக்குச் செல்கிறார். அதே சாபங்களை மாலையில் எதிரிகள்மேல் ஏவுகிறார்.

ஏவினால் என்ன நேரும்? ஏதும் நேராது. நாவல்களில் இச்சாபங்களுள் ஒன்றை மனிதர்மேல் ஏவுவது ஆயுட்சிறைக்குரிய குற்றம். இவ்விளையாட்டிலோ அதனைக் கணக்கில்கொள்ளும் முறை எதுவும் அமைக்கப்படவில்லை. அருகிலிருப்பவர் ஓரிரு சொல் கூறுவதோடு சரி. அதுமட்டுமன்று, ஆடுபவரின் திறன்களைப் பெருக்கும் அட்டவணையில் தீய வித்தைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. கொலைச்சாபத்தால் ஒருவர் மடியும்போது சபிக்கப்பட்ட பிறரும் உடன் மடியும்படி அதனை வலுவாக்கிக்கொள்ளலாம். கதவின் முன் நம் மனச்சான்றை நடுங்கச்செய்த சொல், சில மணி நேரத்தில் ஒரு வசதியான கருவியாகிவிடுகிறது.

5. நினைவும் மன்னிப்பும்

இதற்கு மறுப்பாக ஒன்று கூறப்படலாம். தண்டனையும் வெகுமதியும் இல்லாத இடத்தில்தான் தெரிவு உண்மையில் சுதந்திரமானது. தண்டனைக்கு அஞ்சித் தீமையை விடுவது அறமன்று. ஆகவே விளையாட்டு வாய்திறவாமல் இருப்பதே ஆடுபவரின் மனச்சான்றுக்குத் தரும் மதிப்பு என்பர். இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. தவறு செய்தவுடன் மதிப்பெண்ணைக் குறைக்கும் விளையாட்டு, அறத்தைக் கடைக்கணக்காக்கிவிடும்.

ஆனால் நாம் கேட்பது தண்டனையை அன்று, நினைவையே கேட்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. இவ்வடிவத்தில் அது இயலாததும் அன்று. 2015ஆம் ஆண்டு டோபி ஃபாக்ஸ் வெளியிட்ட ‘அண்டர்டேல்’ என்னும் எளிய தோற்றமுள்ள விளையாட்டில், அனைவரையும் கொன்று முடித்தவர் மீண்டும் முதலிலிருந்து ஆடினாலும், பழைய செயலின் நிழல் புதிய முடிவின்மேல் படிகிறது. ஆடுபவர் அழித்துவிட்டதாக எண்ணியதை அவ்வுலகம் அழிக்கவில்லை. ‘ஹாக்வார்ட்ஸ் லெகசி’யின் உலகமோ மறந்துவிடுகிறது.

மறதி வேறு, மன்னிப்பு வேறு என்பதை இறையியல் மாணவர்க்கு விளக்கவேண்டுவதில்லை. நேர்ந்ததை நேர்ந்ததாகவே ஏற்று, பெயர்சொல்லி அழைத்து, அதன் பின்னும் உறவை மீட்பதே மன்னிப்பு. குற்றம் பதிவாகாத இடத்தில் மன்னிப்பதற்கு எதுவுமில்லை. ‘மன்னிக்கப்படாச் சாபம்’ என்னும் கடுமையான பெயரைச் சூட்டிய ஓர் உலகம், அச்சாபத்தை ஏவியவரை மன்னிக்கவுமில்லை, மன்னிக்க மறுக்கவுமில்லை. மன்னிப்பே தேவையற்றது ஆக்கிவிட்டது. இது இரக்கம்போல் தோன்றலாம். உண்மையில் இதனினும் இரக்கமற்ற நிலை இல்லை. ஏனெனில் எவரும் நினைவில் கொள்ளாத செயலைச் செய்தவர், தம் செயலோடு தனித்து விடப்படுகிறார்.

ஆகவே இத்துணைப்பணியை நாம் மதிக்கிறோம். அது அமைந்துள்ள உலகத்தைக் குறைகூறுகிறோம். பகுதி முழுமையைக் காட்டிலும் உயர்ந்து நிற்கும் அரிய படைப்புகளுள் இதுவும் ஒன்று. இதனை ஆடிவிட்டு வரும் இளைஞரிடம் ‘மந்திர விளையாட்டை ஏன் ஆடினாய்?’ என்று கேட்டால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். ‘கதவின் முன் எதைத் தெரிந்துகொண்டாய்? செபாஸ்டியனை என்ன செய்தாய்? அவனுக்குத் தீர்ப்புக் கூறியபோது உன்னைப் பற்றி என்ன எண்ணினாய்?’ என்று கேட்டுப்பார்க்கலாம். விளையாட்டு கேளாமல் விட்ட மூன்றாவது கேள்வியைக் கேட்பது ஆயரின் கடமை. அதற்கு அந்த இளைஞர் தயங்கித் தயங்கிக் கூறும் விடையைப் பொறுமையோடு கேட்பது அதனினும் பெரிய கடமை.