எந்த லிஸ்ப்?

தொண்டூர் குன்றில் கற்படுக்கைகளையும் தமிழ்-பிராமி கல்வெட்டையும் பார்த்துவிட்டு இறங்கும்போது, கூட வந்த இளைஞர் கேட்டார்: ‘ஸார், லிஸ்ப் கத்துக்கணும். எதுல ஆரம்பிக்கலாம்?’

செஞ்சிக்காரர். சென்னையில் ஆட்டோகேடில் படம் வரைகிறார். ஆறு வருஷமாகக் கதவு, ஜன்னல், மாடிப்படி.

‘வேலை மாறவா?’

‘இல்ல ஸார். மூளை துருப்பிடிக்குது.’

நியாயமான காரணம். ஆனால் ஒரு வருஷமாக எந்த லிஸ்ப் என்று யோசித்ததில் ஒரு வரிகூட எழுதவில்லையாம். அதுதான் வியாதி.

1958-ல் ஜான் மெக்கார்த்தி ஆரம்பித்த மொழிக்கு இன்று ஏகப்பட்ட வாரிசுகள். அவர் தினம் தொடும் ஆட்டோகேடுக்குள்ளேயே 1986-லிருந்து ஆட்டோலிஸ்ப் இருக்கிறது. கதவு வரைய அது போதும். வளர்வதற்குப் போதாது. நிரலே நிரல் எழுதும் ‘மேக்ரோ’ வசதி, லிஸ்ப்பின் பெரிய வித்தை, அதில் கிடையாது. காமன் லிஸ்ப்பில் எல்லாம் உண்டு. 1994-ன் தர ஆவணமே ஆயிரம் பக்கத்துக்கு மேல். கல்யாண மண்டபத்தில் தனியாகக் குடியிருக்கிற மாதிரி. க்ளோஜர் (2007) அழகுதான், ஆனால் ஜாவாவின் தோளில் உட்கார்ந்திருக்கிறது. தப்பு செய்தால் ஜாவா பாஷையில் திட்டும்.

என் ஓட்டு 1975-ல் பிறந்த ஸ்கீமுக்கு. அதன் 1998-ம் வருஷத்து இலக்கணம் சுமார் 50 பக்கம். (+ 2 3) என்று குறியை முன்னால் போடப் பழகிவிட்டால் இலக்கணம் ஏறக்குறைய முடிந்தது. மிச்சமெல்லாம் யோசனை. அவருக்கு வேண்டியதும் அதுதானே?

கூடவே ஏபல்சனும் சஸ்மனும் 1985-ல் எழுதிய புத்தகம். அட்டையில் மந்திரவாதி; இணையத்தில் இலவசம். குறையும் சொல்லிவிடுகிறேன். முதல் அத்தியாயத்திலேயே நியூட்டன் முறையில் வர்க்கமூலம், கொஞ்சம் தள்ளி கால்குலஸ். கணக்கில் பயமுள்ளவர்களை வாசலிலேயே விரட்டிவிடும். எம்.ஐ.டி.யே தன் அறிமுகப் பாடத்தை 2008 வாக்கில் பைத்தானுக்கு மாற்றிவிட்டது. இருந்தும் புத்தகம் சாகவில்லை. 2022-ல் ஜாவாஸ்கிரிப்ட் பதிப்பே வந்தது. மொழியைவிட அதிலுள்ள யோசனைக்குத்தான் ஆயுள் கெட்டி என்று தோன்றுகிறது. கணக்கு உதைத்தால் ராக்கெட்டைச் செய்தவர்களின் 2001-ம் வருஷத்துப் பாடப்புத்தகம் இருக்கிறது. நிதானமாகக் கைபிடித்து நடத்தும்.

‘தப்பா தேர்ந்தெடுத்துட்டா?’ என்றார்.

‘ஒண்ணு தெரிஞ்சா அடுத்தது சீக்கிரம் வரும். இன்னிக்கு ராத்திரி ஆரம்பிங்க.’

பத்து நாள் கழித்து போன். மூன்று எண்களில் பெரிய இரண்டின் வர்க்கங்களைக் கூட்டச் சொல்லும் கணக்கில் மாட்டிக்கொண்டாராம். விடை கேட்டார். சொல்லவில்லை.