பெட்டியில் ஓர் அங்குலம், ரேஞ்சில் இரண்டே முக்கால்

அமெரிக்காவில் 500 டாலரை ஒட்டி விற்கும் வேட்டை ரைஃபிள்களில் பல ஒரே வாக்குறுதியுடன்தான் கடைக்கு வருகின்றன: 1 எம்.ஓ.ஏ. துல்லியம். அதாவது, 100 கஜத்தில் சுடும் குண்டுகள் ஏறத்தாழ ஓர் அங்குல அகலத்துக்குள் விழும். டெக்சாஸில் மான் சீசன் தொடங்கும் முன் நான் வாங்கிச் சோதித்தது அந்த ரகத்தில் ஒன்று, 6.5 கிரீட்மூர் தோட்டாவுக்கான போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நான் கண்ட குறைகள் இந்த விலையில் எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் வரக்கூடியவை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். விசை அருமை. 2003இல் சாவேஜ் நிறுவனம் அக்யூட்ரிக்கரைக் கொண்டுவந்த பிறகு, வாங்குபவரே இழுவையைக் கூட்டிக் குறைக்கும் விசை மலிவு ரைஃபிள்களிலும் சகஜமாகிவிட்டது. இதிலும் இழுவை இலேசு, உடைவு சுத்தம். எடை குறைவு, நாள் முழுக்கத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம்.

ரேஞ்சில்தான் சிக்கல். முதல் மூன்று குண்டுகள் ஓர் அங்குலத்தை ஒட்டி விழுந்தன. குழல் சூடேற ஏற, அடுத்தவை வலப்பக்கமாக நகர்ந்துகொண்டே போயின. ஐந்து குண்டுகளின் அகலம் இரண்டே முக்கால் அங்குலம். தோட்டா பிராண்டை மாற்றியும் அதே கதை.

சேம்பர் (தோட்டா அமரும் அறை) காலி என்று உறுதிசெய்துகொண்டு ரைஃபிளை மேசையில் வைத்து, குழலுக்கும் அதைத் தாங்கும் ஸ்டாக்குக்கும் நடுவே ஒரு டாலர் நோட்டை நுழைத்தேன். அது சேம்பர்வரை தடையின்றி ஓட வேண்டும். பாதி தூரத்தில் வலப்பக்கம் சிக்கி நின்றது. முன்பகுதி பிளாஸ்டிக் அவ்வளவு மெல்லியது. பைபாட் (இருகால் தாங்கி) மீது கொஞ்சம் சாய்ந்தாலே வளைந்து குழலைத் தொடுகிறது. ஆக்‌ஷனைப் பிடித்திருக்கும் பின் ஸ்க்ரூவோ கையால் சுழலும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. பிறகு, காது குடையும் பஞ்சுக்குச்சியைக் குழல் முனையின் உள்விளிம்பில் மெல்லச் சுழற்றினேன். ஓரிடத்தில் மட்டும் பஞ்சு இழை மாட்டிக்கொண்டது. வெட்டியபின் நீக்காமல் விட்ட பிசிறு அது. குண்டு குழலைவிட்டு வெளியேறும் அந்தக் கணத்தில் பின்னாலிருந்து தள்ளும் வாயு எல்லாப் பக்கமும் சமமாகப் பிரிய வேண்டும். முனையில் ஒரு பிசிறு இருந்தாலே குண்டு கோணிவிடும்.

கம்பெனிக்கு அனுப்பினேன். மூன்று துளைகள் உள்ள ஓர் அட்டையும், "அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது" என்ற கடிதமுமாகத் திரும்பி வந்தது. பிசிறு அப்படியே இருந்தது.

இந்த 'மூன்று' என்ற எண்ணில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரே ரைஃபிளில் மூன்று குண்டுகளுக்குக் கிடைக்கும் அகலத்தைவிட ஐந்து குண்டுகளின் அகலம் சராசரியாகக் கால் பங்குக்கு மேல் பெரிதாக வரும். பத்து குண்டுகள் என்றால் ஒன்றரை மடங்கைத் தாண்டும். மூன்றோடு நிறுத்தினால் குழல் சூடாவதற்குள் சோதனை முடிந்துவிடுகிறது. பின்லாந்தின் சாகோ நிறுவனம் எஸ்20 ரைஃபிளுக்கு ஐந்து குண்டுகளுக்கு உத்தரவாதம் தருகிறது. விலை பல மடங்கு அதிகம்தான். ஆனால் பஞ்சில் இழை சிக்காதபடி முனையைத் துடைத்து அனுப்ப அத்தனை விலை தேவையில்லை.

வாங்கியவருக்குப் போக இடமும் குறைவு. அமெரிக்காவில் ஒரு டோஸ்டரில் கோளாறு என்றால் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் அதைத் திரும்பப் பெறச் சொல்லலாம். துப்பாக்கிகளை அந்த ஆணையத்தின் அதிகாரத்திலிருந்து 1972ஆம் ஆண்டுச் சட்டமே விலக்கிவிட்டது. திரும்பப் பெறுவதை நிறுவனமே முடிவுசெய்தால்தான் உண்டு. 2014இல் ரெமிங்டன், எக்ஸ்-மார்க் ப்ரோ விசை பொருத்திய மாடல் 700, மாடல் செவன் ரைஃபிள்களைத் திரும்பப் பெற்றது. விசையைக் கோக்கும்போது இட்ட பசை சிலவற்றில் அதிகமாகி, நினையாத நேரத்தில் ரைஃபிள் சுட்டுவிடக்கூடும் என்று அந்நிறுவனமே அறிவித்தது. 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை செய்தவை அவை. எட்டு ஆண்டுகள்!

ஓர் அங்குலம் கூடினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. மானின் இதயமும் நுரையீரலும் உள்ள இடம் சுமார் எட்டு அங்குலம். 100 கஜத்தில் இரண்டே முக்கால் சிதறும் ரைஃபிள், 300 கஜத்தில் எட்டைத் தாண்டும். காற்றும் கை நடுக்கமும் அதற்கு மேல். குறி தப்பிய குண்டு வயிற்றில் பாய்ந்தால் அந்த மான் முள்காட்டுக்குள் ஓடி, மணிக்கணக்கில் துடித்துச் சாகும். தொழிற்சாலையில் மிச்சம் பிடித்த சில நிமிட வேலைக்கு அது தருகிற விலை எனக்குப் பொறுக்கவில்லை.

உள்ளூர் கன்ஸ்மித் முனையைப் புதிதாக வெட்டித் தந்தார். ஸ்டாக்கின் உட்புறத்தைச் சுரண்டி, ஸ்க்ரூக்களைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கினார். இப்போது ஐந்து குண்டுகள் ஒன்றரை அங்குலத்துக்குள் விழுகின்றன. ஆக, முனையைத் தவிர குழலில் குற்றமில்லை. கோத்தவர்களும் சரிபார்த்தவர்களும்தான் வேலையை முடிக்கவில்லை.

இந்த ரைஃபிளை இப்படியே வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். வாங்கியே ஆக வேண்டுமென்றால், கடையை விட்டு வெளியே வரும் முன் டாலர் நோட்டு, பஞ்சுக்குச்சி இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஒருமுறை சுட்டபின் பெரும்பாலான கடைகள் மாற்றித் தருவதில்லை.