முதலாளியின் மனச்சான்றும் ஊழியரின் உடல்நலமும்: ஹாபி லாபி தீர்ப்பு – ஒரு திறனாய்வு

முன்னுரை

அரசு தனியார் தொழிலை நெறிப்படுத்தலாம் என்பதும், குடிமக்களின் சமய நம்பிக்கையில் அரசு தலையிடலாகாது என்பதும் மக்களாட்சி நாடுகள் பலவற்றில் ஏற்கப்பெற்ற கொள்கைகளாகும். தனித்தனியே நோக்குங்கால் இவ்விரண்டையும் மறுப்பார் குறைவு. ஆயின், ஊழியருக்குச் சட்டப்படி வழங்கவேண்டிய மருத்துவக் காப்புறுதியின் ஒரு பகுதி தம் சமயத்திற்கு ஒவ்வாதது என ஒரு முதலாளி கூறும்போது இவை ஒன்றோடொன்று மோதுகின்றன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் வழங்கிய ஹாபி லாபி தீர்ப்பு இம்மோதலைத் தெளிவாகக் காட்டுகிறது. அத்தீர்ப்பை ஒரு பனுவலாகக் கொண்டு, அதன் வாதம் எங்கே வலிமையோடு நிற்கிறது, எங்கே தளர்கிறது என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

வழக்கின் பின்னணி

அமெரிக்காவில் உழைக்கும் வயதினருள் பாதிக்கு மேற்பட்டோர் பணியிடத்தின் வழியாகவே மருத்துவக் காப்புறுதி பெறுகின்றனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஊதிய உயர்வுக்கு அரசு வரம்பு விதித்தது. ஆள் பற்றாக்குறையில் இருந்த நிறுவனங்கள் ஊதியத்தைக் கூட்ட இயலாத நிலையில் காப்புறுதியைக் காட்டி ஊழியரை ஈர்த்தன. 1954ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் அச்சலுகைக்கு வரிவிலக்கை உறுதிப்படுத்தியது. ஆகவே, இக்காப்புறுதி முதலாளியின் கொடை அன்று; உழைப்புக்கு ஈடாகக் கிடைக்கும் ஊதியத்தின் மற்றொரு வடிவமே என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

அதிபர் ஒபாமா 2010ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கையெழுத்திட்ட மருத்துவக் காப்புறுதிச் சட்டம், நோய்த்தடுப்புச் சேவைகளைக் கூடுதல் கட்டணமின்றி வழங்கக் கோரியது. 2011ஆம் ஆண்டு வெளியான வழிகாட்டிகள் அச்சேவைகளுள் கருத்தடை முறைகளையும் சேர்த்தன. அவ்வாறு சேர்க்கப்பட்டவை அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்தின் ஒப்புதல் பெற்ற இருபது முறைகளாகும். அவற்றுள் நான்கை மட்டும் எதிர்த்து ஹாபி லாபி வழக்குத் தொடுத்தது. இரண்டு அவசரக் கருத்தடை மாத்திரைகளும், கருப்பையினுள் பொருத்தும் இருவகைச் சாதனங்களுமே அந்நான்கு. இவை கருவுற்ற முட்டை கருப்பையில் பதியாமல் தடுக்கக்கூடும் என்பதும், கருவுற்ற கணத்திலேயே உயிர் தொடங்குவதால் அது கொலைக்கு ஒப்பாகும் என்பதும் நிறுவன உரிமையாளர்களான கிரீன் குடும்பத்தாரின் நம்பிக்கை. ஏனைய பதினாறு முறைகளை அவர்கள் எதிர்க்கவில்லை.

ஓக்லஹோமா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஹாபி லாபி, கைவினைப் பொருள்களை விற்கும் நிறுவனமாகும். வழக்கின்போது அதற்கு ஏறத்தாழ 500 கடைகளும் 13,000க்கும் மேற்பட்ட ஊழியர்களும் இருந்தனர். பென்சில்வேனியாவில் மரச்சாமான் தயாரித்த கொனெஸ்டோகா என்னும் நிறுவனமும் இதே போன்ற வழக்கைத் தொடுத்திருந்தது. அதன் உரிமையாளர்கள் மெனோனைட் கிறித்தவப் பிரிவினர்.

சட்டத்தின் தோற்றம்

நிறுவனங்கள் முதன்மையாகச் சார்ந்து நின்றது 1993ஆம் ஆண்டின் சமய உரிமை மீட்புச் சட்டமாகும். இச்சட்டம் தோன்றிய வரலாறு நோக்கத்தக்கது. ஒரேகன் மாநிலத்தில் அமெரிக்கப் பூர்வகுடியினரின் சமயச் சடங்கில் பெயோட்டி என்னும் கள்ளிச்செடியை உட்கொண்ட ஊழியர் இருவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். வேலையிழந்தோர்க்கான உதவித்தொகையும் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. எல்லார்க்கும் பொதுவான சட்டம் சமயச் செயலைத் தற்செயலாகத் தடுப்பின் அது அரசமைப்புக்கு முரணாகாது என 1990ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கூறியது. இதனை ஏற்காத நாடாளுமன்றம் 1993ஆம் ஆண்டு புதுச் சட்டம் இயற்றியது. ஒருவரது சமயச் செயல்மீது அரசு பெருஞ்சுமை ஏற்றுமாயின், அதற்கு இன்றியமையாத பொதுநலன் ஒன்று இருத்தல் வேண்டும். அந்நலனை எய்தும் வழிகளுள் மிகக் குறைந்த தடையுடையதையே அரசு மேற்கொள்ளுதல் வேண்டும் என்பதே இச்சட்டத்தின் சாரம்.

வேலை இழந்த இரு தொழிலாளரின் துயரத்திலிருந்து பிறந்த சட்டம், இருபத்தோர் ஆண்டுகளுக்குப் பின்னர் ஆயிரக்கணக்கானோரை வேலைக்கு வைத்திருந்த முதலாளிக்குக் கேடயமாயிற்று. இதனைக் கொண்டே தீர்ப்பு தவறு என்று முடிவு செய்துவிட இயலாது. எனினும், சட்டம் யாரை மனத்திற்கொண்டு எழுந்தது என்னும் வினாவை இவ்வரலாறு எழுப்புகிறது.

பெரும்பான்மைத் தீர்ப்பின் வாதம்

ஐவருக்கு நால்வர் என்னும் கணக்கில் அமைந்த தீர்ப்பை நீதிபதி சாமுவேல் அலிட்டோ எழுதினார். அதன் வாதம் மூன்று படிகளைக் கொண்டது. முதலாவது, ஒருசிலரே உரிமை கொண்ட இலாப நோக்குடைய நிறுவனமும் 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ‘ஆள்’ ஆகும் என்பது. இலாப நோக்கற்ற சமய அமைப்புகளுக்கு அவ்வுரிமை உண்டு என்பதை அரசே ஏற்றிருந்தது. தனி வணிகர் ஒருவர் சமய உரிமை கோரலாம் எனில், தம் கடையை நிறுவனமாகப் பதிவு செய்ததனால் மட்டும் அவர் அதனை இழப்பது முறையாகுமா என்பது நீதிபதியின் வினா.

இரண்டாவது, சுமை பெரிதா என்பது. விதியை மீறிக் காப்புறுதி வழங்கினால் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 100 டாலர் தண்டம். ஹாபி லாபிக்கு அஃது ஆண்டுக்கு ஏறத்தாழ 475 மில்லியன் டாலர் ஆகும். காப்புறுதியையே கைவிட்டாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 26 மில்லியன் டாலர் செலுத்த வேண்டிவரும். இது பெருஞ்சுமை என்பதில் ஐயமில்லை.

மூன்றாவது படியே தீர்ப்பின் அச்சாணி. கருத்தடைச் சேவை இன்றியமையாத பொதுநலன் என்பதை நீதிமன்றம் ஒரு பேச்சுக்காக ஏற்றுக்கொண்டது. ஆனால், குறைந்த தடையுடைய மாற்றுவழி ஒன்றை அரசே ஏற்கெனவே வகுத்து வைத்திருந்தது. சமய நோக்குடைய அமைப்பு மறுப்புத் தெரிவிப்பின், காப்புறுதி நிறுவனமே அச்சேவையை ஊழியருக்கு நேரடியாக வழங்கும். அவ்வழியை இந்நிறுவனங்களுக்கும் விரித்தால் பெண் ஊழியருக்கு நேரும் பாதிப்பு வெறும் சுழியமே என்று தீர்ப்பு உறுதி கூறியது.

வாதத்தின் தளர்வு

முதற்படியில் ஓர் இடர்ப்பாடு உள்ளது. ஒரு தொழில் நிறுவனமாகப் பதிவு செய்யப்படுவதன் பயனே உரிமையாளரும் நிறுவனமும் வெவ்வேறு ஆள்கள் ஆவதுதான். நிறுவனம் கடனில் மூழ்கினால் உரிமையாளரின் வீடு ஏலத்திற்கு வருவதில்லை. கடன் என்றால் வேறாள், சமயம் என்றால் ஓராள் என நிற்பது எங்ஙனம் பொருந்தும்? நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு இதனைக் கூர்மையாகச் சுட்டியது. சமய அமைப்பு ஒரே நம்பிக்கையுடையோரின் கூட்டம். வணிக நிறுவனமோ பல நம்பிக்கையுடையோர் பிழைப்புக்காகக் கூடும் இடம் என்பது அவர் வாதம். ஆமிஷ் பிரிவைச் சேர்ந்த முதலாளி ஒருவர் சமூகப் பாதுகாப்பு வரியிலிருந்து விலக்குக் கோரியதை 1982ஆம் ஆண்டு நீதிமன்றம் மறுத்ததையும் அவர் எடுத்துக்காட்டினார்.

மாறுபட்ட தீர்ப்பு எழுப்பிய மற்றொரு வினா, எல்லை யாது என்பது. இரத்தம் செலுத்துதலை யெகோவாவின் சாட்சிகளும், மனச்சோர்வு மருந்தைச் சயன்டாலஜி நெறியினரும் ஏற்பதில்லை. பன்றியிலிருந்து பெறப்படும் பொருள் கலந்த மருந்துகளை இஸ்லாமியர், யூதர், இந்துக்கள் ஆகியோருள் சிலர் விலக்குவர் என்றும் கின்ஸ்பர்க் குறிப்பிட்டார். அத்தகைய முதலாளிகளுக்கும் விலக்கு உண்டா? தீர்ப்பு கருத்தடையோடு நிற்பது என்றும், தொற்றுநோய்த் தடுப்பூசி போன்றவற்றில் வேறு பொதுநலன்கள் உள்ளன என்றும் அலிட்டோ விடையளித்தார். ஆயினும் 2022ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தில், எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்துக்குக் காப்புறுதி வழங்க மறுத்த பிரெய்ட்வுட் என்னும் நிறுவனத்திற்குச் சாதகமாகக் கூட்டரசு மாவட்ட நீதிமன்றம் இதே சட்டத்தின்கீழ்த் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு 2025ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தை அடைந்தபோது, மருந்துகளைப் பரிந்துரைக்கும் குழுவின் நியமனம் பற்றிய வினாவே அங்குத் தீர்க்கப்பட்டது. சமய விலக்கு தொடப்படவில்லை.

எனினும் மாறுபட்ட தீர்ப்பை முற்றாக ஏற்பதிலும் நமக்குத் தயக்கம் உண்டு. வணிகத்தில் இறங்கியவர் சமயத்தை வாசலிலேயே விட்டுவிட வேண்டும் எனப் பொதுவிதி வகுத்தால், முதலில் அல்லற்படுவோர் சிறுபான்மையினரான சிறு வணிகரே ஆவர். கிரீன் குடும்பத்தாரின் நம்பிக்கை மருத்துவ முறையில் சரியா எனச் சோதிக்க மறுத்த பெரும்பான்மையினரின் அடக்கமும் போற்றத்தக்கது. நம்பிக்கையின் உண்மையை அளக்கும் கோல் நீதிமன்றத்திடம் இல்லை.

சுழியம் என்னும் வாக்குறுதி

நம் கருத்தில், இத்தீர்ப்பின் உண்மையான தளர்வு ‘ஆள்’ பற்றிய விவாதத்தில் இல்லை. ‘சுழியம்’ என்னும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. தீர்ப்பு வெளியான நாளில் இந்நிறுவனங்களின் ஊழியருக்கு அம்மாற்றுவழி நடைமுறையில் இல்லை. மூன்றே நாள்களில், வீட்டன் கல்லூரி தொடுத்த வழக்கில், அம்மாற்றுவழிக்குரிய படிவத்தை நிரப்புவதும் தம் சமயத்திற்கு ஒவ்வாது என்னும் வேண்டுகோளுக்கு நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்பு அளித்தது. நீதிபதி சோட்டோமயோர் முதலிய மூன்று பெண் நீதிபதிகளும் அதனை எதிர்த்தனர். எந்த வழியைக் காட்டி விலக்கு வழங்கப்பட்டதோ அந்த வழியே அதே வாரத்தில் ஐயத்திற்கு உள்ளாயிற்று.

வணிக நிறுவனங்களுக்கு அவ்வழியை விரிக்கும் அரசு விதி 2015ஆம் ஆண்டு ஜூலையில்தான் வெளியாயிற்று. அதற்குள் ஓராண்டு கடந்துவிட்டது. பின்னர் ஆட்சி மாறியது. 2017ஆம் ஆண்டு வந்த புதிய விதிகள், சமய மறுப்புடைய முதலாளிகள் அம்மாற்றுவழியைப் பின்பற்றுவதும் கட்டாயமில்லை என்றாக்கின. 2020ஆம் ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் எழுவருக்கு இருவர் என்னும் கணக்கில், அவ்விதிகளை வகுக்க அரசுக்கு அதிகாரம் உண்டு எனக் கூறியது. அவ்விதிகளால் 70,500 முதல் 126,400 வரையிலான பெண்கள் கட்டணமற்ற கருத்தடைச் சேவையை இழப்பர் என்பது அரசின் சொந்தக் கணிப்பாகும். இவர்கள் அனைவரும் ஹாபி லாபியின் ஊழியர் அல்லர். ஆயினும் சுழியம் என்னும் வாக்குறுதி எத்துணை நொய்மையானது என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

இழப்பு சிறிதன்று. கருப்பையினுள் பொருத்தும் சாதனத்திற்கான செலவு, குறைந்தபட்ச ஊதியம் பெறும் முழுநேர ஊழியரின் ஒரு மாத ஊதியத்திற்கு ஏறத்தாழ நிகரானது என்பதைக் கின்ஸ்பர்க் எடுத்துரைத்திருந்தார். கடையின் கல்லாவில் நிற்கும் பெண்ணுக்கு அது எளிதில் ஈட்டக்கூடிய தொகையன்று.

நம் வரலாற்றின் துணை

மருத்துவம் முதலாளியின் கையில் இருப்பதன் பொருளை மலாயாத் தமிழர் அறிவர். இரப்பர்த் தோட்டங்களில் மருத்துவமனையும் டிரெசரும் துரைமாரின் கருணையால் மட்டும் வந்தவை அல்ல. 1912, 1923 ஆகிய ஆண்டுகளின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அவற்றைத் தோட்ட நிருவாகத்தின் கடமையாக்கின. அச்சட்டங்களிலும் ஓட்டைகள் இருந்தன. ஆயினும் சட்டம் இல்லாவிடின், தொழிலாளியின் நலம் துரையின் மனப்பாங்கைப் பொறுத்ததாகவே இருந்திருக்கும். துரை நல்லவரா என்பதைக் காட்டிலும், அவர் நல்லவராக இல்லாதபோது தொழிலாளிக்கு எது துணை என்பதே முதன்மையான வினா. ஹாபி லாபி வழக்கிலும் கிரீன் குடும்பத்தாரின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. அவர்தம் நேர்மை ஊழியரின் தேவைக்கு ஈடாகாது என்றே கூறுகிறோம்.

முடிவுரை

சமய விலக்கு கூடாது என்பது நம் துணிபு அன்று. ஒருவர் தம் நம்பிக்கைக்காகத் தாமே இழப்பை ஏற்கும்போது அரசு இயன்ற மட்டும் விலகி நிற்றல் வேண்டும். அவ்விழப்பை, அந்நம்பிக்கையில் பங்கில்லாத மற்றொருவர் ஏற்கவேண்டிய நிலையில், மாற்றுவழி முதலில் நடைமுறைக்கு வருதல் வேண்டும்; விலக்கு அதன் பின்னரே நடப்புக்கு வருதல் வேண்டும். ஹாபி லாபி தீர்ப்பு இவ்வரிசையை மாற்றி அமைத்தது. விலக்கு உடனே கைக்கு வந்தது. மாற்றுவழி ஆட்சியாளரின் விருப்பத்திற்கு விடப்பட்டது. வருங்காலத்தில் இத்தகைய வழக்குகளை ஆய்வோர் தீர்ப்பின் வாதத்தோடு நின்றுவிடாமல், அது அளித்த வாக்குறுதி பின்னர் என்னாயிற்று என்பதையும் தொடர்ந்து நோக்குதல் வேண்டும் என்று கருதுகிறோம்.