டீச்சர் வேலையைத் தாண்டி மனைப்பொருளியல்

பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொருவையில் விவசாயத் திணைக்களம் நடத்தும் ‘ஹெல போஜுன்’ உணவகத்தில் குரக்கன், அரிசி மாப் பண்டங்களைப் பெண்களே சமைத்து விற்கிறார்கள். சத்து, சுத்தம், கட்டுப்படியாகும் விலை ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அங்கே வியாபாரம் நடக்கும். பாடசாலையில் மனைப்பொருளியல் கற்பிப்பதும் இதைத்தான். ஆனால், உயர்தரத்தில் அதைப் படித்த கண்டி மாணவிக்கு எல்லோரும் காட்டும் வழி டீச்சர் வேலை ஒன்றுதான்.

பாடத்தில் குறையில்லை. போசாக்கு, பிள்ளை வளர்ப்பு, வீட்டு வரவு செலவு, துணியும் தையலும் ஒன்றாக அடங்கிய பாடம் இது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. மீனும் முட்டையும் எட்டாமற் போன வீடுகளில் பயறையும் கீரையையும் வைத்துப் பிள்ளைகளுக்குப் புரதம் சேர்க்க இந்த அறிவே தேவைப்பட்டது.

கோளாறு பாதையில் இருக்கிறது. உயர்தரத்தில் இதைப் பெரும்பாலும் கலைப் பிரிவினரே எடுக்கிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் உணவு விஞ்ஞானத் துறை இருந்தும், விஞ்ஞானப் பாடங்கள் இல்லாமல் அங்கே நுழைய முடியாது. எஞ்சுவது கல்வியியற் கல்லூரியும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழும். சமையல், பேக்கரி, தையல் என்று தொடங்கும் அந்தத் தகைமையின் ஏழாவது மட்டம் பட்டத்துக்குச் சமமானது. கண்டியிலேயே அரசாங்க ஹோட்டல் பாடசாலையும் உண்டு. உயர்தர வகுப்பிலேயே இவற்றைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளின் பாடம் என்ற முத்திரை இன்னொரு தடை. ஹோட்டல் சமையற்கூடங்களில் ஆண்கள் சம்பளத்துக்குச் செய்யும் வேலையைப் பாடசாலையில் பையன்கள் படிக்கக் கூசுவதற்கு நியாயமே இல்லை.

இந்தப் படிப்புக்கான தேவை மிக அதிகமாக இருப்பது தோட்டப்புறத்தில். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளவில் 17.3 வீதம், தோட்டங்களில் 31.7 வீதம். அம்மாமார் கொழுந்தெடுக்கப் போகும் நேரத்தில் அந்தப் பிள்ளைகள் இருப்பது பிள்ளைமடுவத்தில். அங்கே என்ன சமைப்பது, எவ்வளவு ஊட்டுவது என்று திட்டமிட, மனைப்பொருளியல் படித்த தோட்டத்துப் பிள்ளைகளே பொருத்தமானவர்கள். அந்த வேலையைச் சம்பளமுள்ள பதவியாக்குவது தோட்டக் கம்பெனிகளின் கடமை. கலைப் பிரிவினர் போசாக்குப் படிப்புக்குள் நுழைய ஓர் இணைப்புப் பாடநெறியைப் பேராதனை தொடங்க வேண்டும்.