மெயில் ஸ்கேனை நிறுத்தலாமா?

தண்டர்பேர்டு மந்தமாகிவிட்டது, ஒரு மெயில் திறப்பதற்குள் காபி ஆறிவிடுகிறது என்று முறையிட்டால், கணினி பார்க்கிறவர்கள் சொல்லும் முதல் வைத்தியம் ஆன்டிவைரஸில் இருக்கும் மெயில் ஸ்கேனை நிறுத்துவது. சரியான வைத்தியம்தான். ஆனால் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு சுவிட்சுகளையும் சேர்த்து அணைத்துவிடுகிறார்கள். கோளாறு அங்கேதான்.

மெயில் ஸ்கேன் வந்த காலத்தில் அதற்கு வேலை இருந்தது. 1999 மார்ச்சில் மெலிஸா, 2000 மே மாதம் ஐலவ்யூ என்று இணைப்புக் கோப்பாக வந்த வைரஸ்கள் உலகைச் சுற்றின. 1999 நவம்பரில் தலைகாட்டிய பப்பிள்பாய்க்கு இணைப்புகூடத் தேவைப்படவில்லை. அவுட்லுக் எக்ஸ்பிரஸின் முன்னோட்டத்தில் தெரிந்தாலே போதும். ஆகவே மெயில் நிரலுக்கும் சர்வருக்கும் நடுவில் ஆன்டிவைரஸ் உட்கார்ந்துகொண்டது. மெயிலை முழுதாக வாங்கி, ஜிப்பைப் பிரித்துப் பார்த்து, பிறகே உள்ளே விட்டது. இணைப்பு பெரிதென்றால் சோதனை முடிவதற்குள் மெயில் நிரல் பொறுமையிழந்து தொடர்பையே துண்டித்துவிடும்.

இன்று மெயில் பெரும்பாலும் குறியாக்கத்தோடு, 993, 995 போர்ட்டுகள் வழியே வருகிறது. நடுவில் இருப்பவர் அதைப் படிக்க வேண்டுமானால் தன் சான்றிதழைக் கணினியில் நிறுவி, குறியாக்கத்தைப் பிரித்து, மீண்டும் பூட்ட வேண்டும். வலைத்தளப் போக்குவரத்தில் இதே வித்தையைச் செய்யும் மென்பொருட்களை 2017இல் மிச்சிகன் பல்கலைக்கழகம், மொஸில்லா, கூகுள் முதலியவற்றின் ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, அவற்றில் பல தொடர்பின் பாதுகாப்பைக் குறைத்தே விட்டிருந்தன. காவலுக்கு வந்தவர் பூட்டைத் தளர்த்திவிட்டுப் போன கதை.

நிறுத்துவதால் இழப்பு என்ன? இணைப்பைத் திறக்கும்போது அது முதலில் வட்டில் ஒரு தற்காலிகக் கோப்பாக எழுதப்படுகிறது. ஆன்டிவைரஸின் நிகழ்நேரக் காவல் அதை அங்கே பிடிக்கும். ஜிமெயில் போன்ற சேவைகள் தங்கள் சர்வரிலேயே ஒருமுறை சலித்துவிடுகின்றன. எக்ஸ்இ கோப்பை ஏற்பதே இல்லை. விண்டோஸோடு வரும் டிஃபெண்டரில் மெயில் ஸ்கேன் ஆரம்பத்திலிருந்தே அணைந்துதான் இருக்கிறது. ‘சோதிக்கப்பட்டது, வைரஸ் இல்லை’ என்று மெயிலின் அடியில் சில மென்பொருட்கள் ஒட்டும் வரிக்கும் மதிப்பில்லை. 2004இல் பரவிய நெட்ஸ்கை புழுவின் சில வகைகள் அந்த வரியைத் தாங்களே எழுதிக்கொண்டு வந்தன!

ஒரு குறையை மட்டும் மறைக்கக் கூடாது. நச்சு இணைப்பு திறக்கப்படாமல் இன்பாக்ஸிலேயே கிடக்கும். நீங்கள் அதை ஃபார்வர்டு செய்தால் காவலில்லாத இன்னொரு கணினிக்குப் போய்ச் சேரும். பத்துப் பேருக்கு மெயிலைத் திருப்பி அனுப்புகிற அலுவலகம் சர்வரில் சோதனை இல்லாமல் மெயில் ஸ்கேனை நிறுத்தக் கூடாது.

மெயில் ஸ்கேனை நிறுத்தியும் வேகம் வரவில்லையா? தண்டர்பேர்டு வழக்கமாக ஒரு ஃபோல்டரின் மெயில்கள் அனைத்தையும் ஒரே கோப்பில் வைக்கிறது. நீங்கள் நீக்கிய மெயிலும், ‘கம்பாக்ட்’ செய்யும்வரை அதற்குள்ளேதான் இருக்கும். பல ஜிபி கொண்ட அந்தக் கோப்பு மாறும்போதெல்லாம் நிகழ்நேரக் காவல் அதைத் துழாவப் போனால் தாமதம் வராமல் என்ன செய்யும்? இதைவிட மோசம், உள்ளே ஒரு கெட்ட மெயிலைக் கண்டு முழு இன்பாக்ஸையே தனிமைப்படுத்தி, பல வருடக் கடிதங்களை ஒரே வீச்சில் மறைத்துவிடுவது. அதனால் மெயில் ஃபோல்டரைச் சோதனையிலிருந்து விலக்குவதில் நியாயம் உண்டு. இணைப்பு அதற்குள் வெறும் எழுத்துக் குவியலாக இருக்கிறது, அந்த நிலையில் இயங்காது. வரும் ஒவ்வொரு மெயிலையும் முதலில் தனிக் கோப்பாக வைத்து ஆன்டிவைரஸிடம் காட்டும் வசதியும் தண்டர்பேர்டில் உண்டு. அதை இயக்கிக்கொள்வது நல்லது.

ஆனால் அவசரக்காரர்கள் பயனர் ஃபோல்டர் முழுவதையும் விலக்கிவிடுகிறார்கள். இணைப்பு எழுதப்படும் தற்காலிக ஃபோல்டரும் அதற்குள்தான் இருக்கிறது. மெயில் ஸ்கேனை ஏற்கெனவே நிறுத்திவிட்ட கணினியில் மிச்சமிருந்த ஒரே காவல் அங்கே நடக்கும் சோதனைதான்.

ஆன்டிவைரஸ் நிரபராதியாகவும் இருக்கலாம். நெட்வொர்க்குடன் கூடிய சேஃப் மோடில் விண்டோஸைத் தொடங்கினால் பிற நிறுவன ஆன்டிவைரஸ் பொதுவாக ஏறாது. அங்கேயும் மெயில் நகர மறுத்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல், முதலில் அந்த இன்பாக்ஸைக் கம்பாக்ட் செய்து பார்க்க வேண்டும்.