சமநிலைக்கு அப்பால்: ஏகபரிமாண நோக்கும் அதன் எல்லையும்

காரணம் இருமடங்காயின் விளைவும் இருமடங்காகும். காரணங்கள் பல ஒருங்கே தொழிற்படின் விளைவுகளைக் கூட்டி முழுமையைப் பெறலாம். ஏகபரிமாண நோக்கின் சாரம் இதுவே. ஓமின் விதி, வெப்பக்கடத்தல் பற்றிய பூரியேயின் விதி ஆகியன இதன்பாற்படும். 1931இல் ஒன்சாகர் நிறுவிய தொடர்புகளை இந்நோக்கின் உச்சம் எனலாம். இதற்கு மாறாக, சமநிலைக்குத் தொலைவிலேயே புதிய ஒழுங்கு தோன்றுமென வாதிப்பது, 1979இல் பிரிகோஜினும் ஸ்ரெங்கேர்சும் 'புதிய உடன்படிக்கை' எனப் பொருள்படும் தலைப்புடன் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட நூல். அவ்வாதத்தின் வலுவும் குறையும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

வலுவை முதலில் நோக்குவோம். 1951இல் உருசிய அறிஞர் பெலூசொவ், சித்திரிக்கமிலம், புரோமேற்று, சீரியம் அயன் ஆகியவற்றின் அமிலக் கரைசல் மஞ்சளாவதும் நிறமிழப்பதுமாக மாறிமாறித் தோன்றுவதைக் கண்டார். அது நிகழவியலாதது எனக் கூறி அவரது கட்டுரை மறுக்கப்பட்டது. 1921இல் பிறே கண்ட அலைவும் இவ்வாறே ஐயத்துக்குள்ளாகியிருந்தது. மறுத்தோர், தாக்கம் ஊசல்போலச் சமநிலையைக் கடந்து மீள்வதாகக் கருதினர் போலும். உண்மையில் கட்டில்லாச் சத்தி தொடர்ந்து குறைந்துகொண்டே செல்ல, இடைவிளைபொருள்களின் செறிவே அலைகின்றது. புரோமைட்டு அயன் ஓர் எல்லைக்குக் கீழே குறைந்ததும் தன்னூக்கல் தொடங்கிச் சீரியத்தை ஒட்சியேற்றும்; ஒட்சியேறிய சீரியம் மீண்டும் புரோமைட்டைத் தோற்றுவித்து அதனைத் தடுக்கும். 1972இல் பீல்ட், கோரொஸ், நொய்சு ஆகியோர் இப்பொறிமுறையை விளக்கினர். இரண்டாம் விதி இங்கு மீறப்படவில்லை. அதனை விளங்கிக்கொண்ட முறையே தவறாயிற்று.

ஏகபரிமாண எல்லை எல்லா நிகழ்வுகளுக்கும் ஒரேயளவினதன்று என்பதும் கருதற்பாலது. வெப்பக்கடத்தலில் அது பரந்தது. இரசாயனத் தாக்கத்திலோ, உந்துசத்தி வாயு மாறிலியினதும் தனிவெப்பநிலையினதும் பெருக்கத்திலும், அதாவது 25 பாகை செல்சியசில் மூலொன்றுக்கு ஏறத்தாழ 2.5 கிலோயூலிலும், மிகச் சிறிதாயிருத்தல் வேண்டும். ஆய்வுகூடத் தாக்கங்களுட் பல தொடக்கத்திலேயே இவ்வெல்லைக்கு அப்பாற்பட்டவை.

எனினும், நூலாசிரியர்கள் இதிலிருந்து சமூகம், காலம், இயற்கை அனைத்துக்கும் பொதுவான மெய்யியலொன்றை வகுக்க முற்படுமிடத்து நாம் உடன்படுதல் அரிது. ஏகபரிமாண எல்லையில் எந்திரப்பி ஆக்கவீதம் இழிவாகும் என்ற பிரிகோஜினின் தேற்றத்துக்கு நிகரான பொதுத் தேற்றம் அவ்வெல்லைக்கு அப்பால் இல்லை. எந்திரப்பியும் அதன் பெறுதிகளும் உறுதிநிலையைத் தீர்மானிக்கப் போதா என 1975இல் லண்டவர் காட்டினார். அங்கு ஒவ்வொரு தொகுதியையும் அதன் பொறிமுறை கொண்டே தனித்தனி ஆராய வேண்டியுளது. அவ்வாராய்ச்சியிலும் உறுதிநிலையை அறியச் சிறு குழப்பங்களுக்குரிய ஏகபரிமாணச் சமன்பாடுகளையே முதலில் நாடுகின்றோம்.

ஆகவே, இவ்விரு நோக்குகளும் பழையதும் புதியதுமான இரு சமயங்கள் அல்ல. முன்னையதன் எல்லையைக் கூறாது அதனைக் கற்பிப்பின், பெலூசொவின் கட்டுரையை மறுத்த மனப்பாங்கே மாணவரிடத்தும் வளரும். பின்னையதைப் பொதுத் தத்துவமாகப் போற்றின், பொறிமுறையைத் தேடும் உழைப்பு கைவிடப்படும். இரண்டாவது தீங்கு முன்னையதிற் சிறிதன்று.